மஞ்சள் கருவில் அணைத்த சிகரெட்

முட்டையின் மஞ்சள் கருவில் சிகரெட்டைக் குத்தி அணைத்திருக்கிறான் எவனோ. பாதி தின்ற அவித்த முட்டை, மிளகுத்தூள் தூவியது, நடுவில் கருகிய பொத்தல், பொத்தலில் நட்டுவைத்த மாதிரி துண்டு சிகரெட். சப்ளையர் தெய்வநாயகம் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிற கல்லாவைத் தாண்டிச் சமையல்கட்டுக்குப் போகிறார். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அடிவயிற்றிலிருந்து என்னவோ புரண்டு வந்து தொண்டையில் நிற்கிறது, விழுங்குகிறேன், மறுபடி வருகிறது. ஒரு கோழி இட்ட முட்டை. என் வீட்டுக்காரர் சவரி அவித்தது. தெய்வநாயகம் இரண்டாக வகுந்து பக்கத்தில் வெங்காயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. தின்கிறவரைக்கும் தின்றுவிட்டு மீதியைப் பார்க்கும்போது அது குப்பையாகத் தெரிந்துவிடுகிறது. மேசைமேல் கிண்ணம் இருக்கிறது. சாம்பல் கிண்ணம் வைத்தாலே குற்றம் என்பதால் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார் சவரி. யாராவது கேட்டால் கை கழுவுகிற தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாமாம். அந்தத் தண்ணீரில் துண்டுகள் ஊறி உப்பி, காகிதம் பிரிந்து, பழுப்பாக நூல் நூலாக மிதக்கும். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற செங்கேணி அதைத்தான் விரலால் வழித்துக் கொட்டுவாள். ஒருநாள் கேட்டாள், "இன்னாம்மா, இவங்கல்லாம் வூட்லயும் சோத்துலதான் அணைப்பாங்களா?" நான் சிரித்தேன். அன்றைக்கு ஏன் சிரித்தேன் என்று இப்போது நினைத்தால் அதுவும் குமட்டுகிறது. வீட்டில் அணைக்க மாட்டார்கள். வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிப்பார்கள். ஊதுகிற புகையை யார் மேலாவது ஊத வேண்டுமென்றால் அதற்கு எங்கள் கடை இருக்கிறது, கடையில் நான் இருக்கிறேன்.

மத்தியானம் ஆகிவிட்டது, மேசைகள் நிரம்பிவிட்டன. புதுச்சேரியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. பாரும் சாப்பாடும் சேர்ந்த கடை. குடிக்க வருகிறவர்கள் பாதி, சவரியின் கை மீன் வறுவலுக்காக வருகிறவர்கள் பாதி, ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே கூட்டம்தான், எல்லோர் வாயிலும் புகைதான். போன வாரம்வரை அது முதலில் மேசைக்கு மேலே தனித்தனியாக நிற்கும். பிறகு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு உத்தரத்துக்குக் கீழே ஒரு பரண் மாதிரி தங்கிவிடும். அந்தப் பரணுக்குக் கீழே மனிதர்கள் பேசுவார்கள், கொறிப்பார்கள், ஏப்பம் விடுவார்கள். எதிர்ச்சுவரில் 'இங்கு புகைபிடிப்பது குற்றம்' என்று பலகை. வெள்ளைப் பலகையாகத்தான் வாங்கி மாட்டினோம். இப்போது பழைய பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மாதா படத்தின் கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைப்பேன், துணியில் தேன் மாதிரி ஒட்டும். தேன் என்று ஏன் சொல்கிறேன். தேனுக்கு வாசனை உண்டு. இது ஈரமான செருப்பைத் தீயில் போட்ட நாற்றம். அது மாதாவின் கண்ணாடியில் ஒட்டுகிறது என்றால் அங்கே துடைக்க நான் இருக்கிறேன், எனக்குள் ஒட்டியதை யார் எந்தத் துணியால் துடைப்பார்கள் என்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது நினைத்தேன், அந்த நினைப்பு அதற்குப் பிறகு போகவே இல்லை, வாயில் மாட்டிய முள் மாதிரி நாக்கு அங்கேயே போய்ப் போய் வருகிறது.

கல்யாணமான புதிதில் இந்தப் புகை எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. காரைக்காலிலிருந்து வந்தவள், அப்பா கணக்கு வாத்தியார், வீட்டில் ஊதுவத்திப் புகையைத் தவிர வேறு புகை கிடையாது. இங்கே வந்து இந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபோது மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் நீலமாக அது சுருண்டு எழுவதைப் பார்த்து, ஆண்களின் பெரிய உலகத்துக்குள் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. "பொம்பளை கல்லாவுல இருந்தா கடையில சண்டை வராது மதலே" என்று சவரி சொன்னார். சண்டை வரவில்லை, அது உண்மை. மதலேன் என்ற என் பெயரை மதலே என்று பாதியில் நிறுத்திக் கூப்பிடுகிற குரலில் அந்த நாளில் ஒரு கொஞ்சல் இருந்தது. அவர் சமையல்கட்டில், நான் ஹாலில். அவர் அடுப்புக்கு மேலே ஆளுயரத்துக்குப் புகைபோக்கி, பின்வாசல் வழியாகக் கடல்காற்று வேறு. அவர் குடிக்க மாட்டார், சிகரெட்டைக் கையால் தொட மாட்டார், அதில் அவருக்குப் பெருமை. உறவுக்காரர்கள் வந்தால், "இத்தனை வருஷம் பார் நடத்துறேன், ஒரு இழுப்பு இழுத்திருப்பனா, கேளுங்க இவளை" என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். இழுத்ததில்லைதான். அவருக்கும் சேர்த்து நான் இழுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பார்த்த அந்த டாக்டர் சின்னப் பெண், தலையில் பூ வைத்திருந்தது. குழாயில் ஊதச் சொன்னது. முழு பலத்தோடு ஊதினேன், மிஷினில் எதுவோ கொஞ்சம் அசைந்தது, மறுபடி ஊதச் சொன்னது, மறுபடியும் அவ்வளவுதான். "எத்தனை வருஷமா சிகரெட் பழக்கம்?" என்று கேட்டது. பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை, எத்தனை வருஷமா என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வந்தது. பக்கத்தில் சவரி, "ஐயோ டாக்டர், நாங்க கோயில் கொளம்னு இருக்கிற குடும்பம்" என்றார். "வீட்ல யாராவது?" "யாரும் இல்ல." "விறகடுப்பா?" "கேஸ்." "அப்ப இவங்க எங்க வேலை செய்றாங்க?" நான்தான் சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை, திட்டும் பார்வை இல்லை, பாவம் பார்க்கிற பார்வையும் இல்லை, துணிக்கடையில் சேலையைப் பிரித்தபோது உள்மடிப்பில் கிழிசல் தெரிந்தால் பார்ப்போமே, அப்படி. "அம்மா, உங்க நுரையீரல் பெரிய சிகரெட்காரர் நுரையீரல் மாதிரி இருக்கு. குழாய்ங்க சுருங்கிடுச்சு. போனது திரும்பாது. இருக்கிறதக் காப்பாத்தலாம். நான் மருந்து தரேன், ஆனா முதல் மருந்து அந்த ஹால்ல உக்காராம இருக்கிறதுதான். அங்க யாரும் பிடிக்கவே கூடாதுங்க, அதுக்குத்தான சட்டம்." சவரி பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர். ஆட்டோவில் ஏறித் தெருமுக்கு திரும்பியதும் என் தொடையில் தட்டி, "பயப்படாத. ஒரு ஃபேன் போட்டாப் போதும்" என்றார்.

போட்டார். மறுநாளே போட்டார், அதைச் சொல்ல வேண்டும், தள்ளிப்போடவில்லை. புகையை இழுத்து வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன், ஆள் வைத்துச் சுவரை உடைத்து, சிமெண்ட் பூசி, வயர் இழுத்து. ஹாலில் ஒரு சுவருக்குப் பின்னால்தான் சந்து இருக்கிறது, மற்றதெல்லாம் பக்கத்துக் கடைக்காரர் சுவர், சமையல்கட்டுச் சுவர். அந்த ஒரு சுவரில்தான் கல்லா இருக்கிறது. என் தலைக்கு மேலே, பின்மண்டையில் காற்றுப் படுகிற தூரத்தில் அதை மாட்டிவிட்டு, கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, "எப்டி?" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். சுவிட்சைப் போட்டார்கள். கடைசி மேசையில் ஒருத்தன் விட்ட புகை ஹாலின் முழு நீளத்துக்கும் ஊர்ந்து, ஒவ்வொரு மேசையிலும் அங்கங்கே இருந்ததையும் சேர்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து வந்தது. வேறெங்கும் போகவில்லை. முகத்தில் மோதி, காதோரம் பிரிந்து, தலைமுடிக்குள் நுழைந்து, அப்புறம்தான் வெளியே போயிற்று. முன்பு அது எல்லோர் தலைக்கும் மேலே பொதுவாக நின்றது, இப்போது எல்லாமே என் வழியாகப் போகிறது. நன்றாக இருக்கிறது என்றேன். அவர் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன், சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

இதோ இப்போது வருவது தனஞ்செயன் மேசையிலிருந்து. மனை வாங்கி விற்கிறவர், சவரியை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார், வாரத்தில் பாதி நாள் இங்கேதான் சாப்பாடு. கூட இரண்டு சிநேகிதர்கள். நேற்று அதிகாரிகள் வந்து போனதைப் பற்றித்தான் பேச்சு. நேற்று நான்கு பேர் வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பலகையைப் பார்த்தார்கள், கிண்ணங்களைப் பார்த்தார்கள், புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அபராதம் என்றார்கள். தனஞ்செயன் பாக்கெட்டில் கை வைப்பதற்குள் சவரி ஓடி வந்து, "சாருங்க கட்ட வேணாம், எல்லாருக்கும் நானே கட்டிடறேன், நம்ம வூட்டுக்கு வந்தவங்க" என்றார். அதிகாரிகள் வாசல்படி இறங்குவதற்குள் இவர்கள் மறுபடி பற்றவைத்தார்கள். விருந்தாளிக்கு இலை போடுவதுபோல அவர்களுடைய குற்றத்துக்கு எங்கள் கல்லாவிலிருந்து எடுத்துக் கட்டியாயிற்று, எடுத்துக் கொடுத்தது என் கை.

"குடிக்கலாமாம், புகைக்கக் கூடாதாம். இது இன்னா நியாயம்?" என்று தனஞ்செயன் கேட்கிறார். சிநேகிதர்களில் குட்டையானவர், "விக்கிறத நிறுத்தச் சொல்லு, நான் பிடிக்கிறத நிறுத்திடறேன். வரியும் வேணும், நாம திருந்தவும் வேணுமா?" என்கிறார். இது நல்ல கேள்விதான், இதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் விடுகிற புகை வரி கேட்டவர்கள் மூக்குக்குப் போகவில்லை. "பஸ்ஸு விடறது புகை இல்லியா? லாரி விடறது? கொசுவத்தி? அதுக்கெல்லாம் போர்டு வச்சானா?" "எங்க தாத்தா சாவுறவரைக்கும் சுருட்டு. கல்லு மாதிரி இருந்தாரு." எல்லோருக்கும் கல்லு மாதிரி ஒரு தாத்தா இருக்கிறார். அந்தத் தாத்தாவுக்குப் பக்கத்தில் படுத்தவள் எப்படி இருந்தாள், எதனால் செத்தாள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. "என் காசு, என் ஒடம்பு, நான் சாவுறேன், ஒனக்கு இன்னா?" என்கிறார் தனஞ்செயன், மேசையைத் தட்டி, யாரோ எதிரே நின்று தடுப்பதுபோல. சாகுங்கள். நன்றாகச் சாகுங்கள். உங்கள் உடம்பு உங்களுடையது. ஆனால் நீங்கள் இழுத்தது பாதிதான், வெளியே விட்டது மீதி. உங்கள் பல்லிடுக்கில் புகுந்து, உங்கள் எச்சிலில் நனைந்து, வஞ்சிர மீன் வாடையும் பிராந்தி வாடையும் சேர்ந்து, உங்கள் நெஞ்சுச் சளியைத் தடவிவிட்டு வந்ததைத்தான் நான் உள்ளே வாங்குகிறேன். இன்னொருத்தர் வாயிலிருந்து எடுத்த சோற்றை என் வாயில் வைத்தால் உமிழ்வேன். இதை உமிழ முடியாது. இருமத்தான் முடியும். பெற்றோர் பார்த்துக் கட்டிவைத்த ஒருவரைத் தவிர வேறு ஆண் மூச்சு என்மேல் பட்டதில்லை என்று ஊரில் எந்தப் பெண்ணும் சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்ல முடியாது, ஊரிலுள்ள அத்தனை பேர் மூச்சும் எனக்குள் போய்வந்திருக்கிறது. இப்படி நினைப்பதே அசிங்கமாக இருக்கிறது, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்கிறேன், கைக்குட்டையிலும் அதே நாற்றம்.

சேலையில், முடியில், தலையணையில், வேதப்புத்தகத்தின் பக்கங்களில். போன மாதம் ஞாயிறு பூசைக்குப் போனேன். தலைக்கு ஊற்றி, புதுச் சேலை கட்டிக்கொண்டுதான் போனேன். முன் பெஞ்சில் பாவாடை தாவணிப் பெண் ஒன்று திரும்பிப் பார்த்தது, மூக்கைச் சுளித்தது, அதன் அம்மா காதில் ஏதோ சொன்னது. அம்மா திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, "அவங்க பார் வச்சிருக்காங்க" என்று பெண்ணுக்குச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். குளித்தால் போகாத நாற்றம் எது, செத்தவர்கள் மேலேதானே அது வரும் என்று எனக்குத் தோன்றியது, தோன்றியதும் பயம் வந்தது. பிறகு சாமியார் தூபம் காட்டினார். சின்ன வயதில் அந்தப் புகையைத்தான் மோட்சத்தின் வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வந்தது, நெஞ்சு பட்டென்று அடைத்தது, உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல் கீச்கீச்சென்று எனக்கே கேட்டது. வெளியே ஓடி வந்து மாமரத்தடியில் குனிந்து நின்று இருமினேன். கடவுளுக்குக் காட்டுகிற புகையைக்கூட வாங்கிக்கொள்ள முடியாதபடி ஆக்கிவிட்டார்களே என்று கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த நேரத்தில் கடவுள் மேலேயே அருவருப்பு வந்தது, அவரும்தானே இத்தனை காலமாகப் புகை கேட்டுக்கொண்டிருக்கிறார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சிலுவை போட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

நாற்காலி இழுபடுகிற சத்தம். தனஞ்செயன் எழுந்து வருகிறார், பில் கட்ட. மேசைக்கே பில் போகும், ஆனால் அவருக்குக் கல்லாவுக்கு வந்து நின்று பேசிவிட்டுக் கட்டுவதில் ஒரு உரிமை. விரலிடுக்கில் புதிதாய்ப் பற்றவைத்தது. முழங்கையைக் கல்லாமேல் ஊன்றிக்கொள்கிறார். சோம்புத் தட்டுக்கு நேர் மேலே அந்தக் கை. சாம்பல் நீண்டுகொண்டே வருகிறது, வளைகிறது, இப்போது விழும், இப்போது விழும் என்று நான் அதையே பார்க்கிறேன், அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார், காதில் விழவில்லை. விழுந்தது. சோம்புக்குள். அவர் பார்க்கவில்லை. இன்னொரு கையால் அதே சோம்பில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார், தன் சாம்பலைத் தானே மெல்லுகிறார், மெல்லுகிற வாய் ஓரமெல்லாம் ஈரம். "நீங்க சொல்லுங்க அண்ணி" என்கிறார். "எல்லாரும் பேசிட்டோம். நீங்கதான் இத்தினி வருஷமா எல்லாத்தையும் பாத்துகினு இருக்கீங்க. இந்தத் தடையப் பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்க? பொம்பளைங்க கருத்தும் வேணுமில்ல?" சிநேகிதர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த மேசைக்காரர்களும். நல்ல மனுஷன், கிண்டலாகக் கேட்கவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து இங்கே யாரும் என்னிடம் சில்லறை இருக்கிறதா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் ஒன்றாக வருகிறது. முட்டை, செங்கேணியின் விரல், டாக்டர் பெண்ணின் பூ, மாமரம், போனது திரும்பாது, எதை முதலில் சொல்வது. வாயைத் திறக்கிறேன். திறந்த வாய்க்குள் அவர் விட்ட புகை நேராகப் போகிறது.

இருமல் என்றால் இருமல். முதலில் தொண்டையில், பிறகு நெஞ்சில், பிறகு இடுப்பு எலும்பைப் பிடித்து உலுக்குவதுபோல. உள்ளே இழுக்கப் பார்க்கிறேன், வழி இல்லை. காற்று இருக்கிறது, எனக்குள் வர அதற்கு வாசல் இல்லை. கல்லா விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணில் நீர், ஹால் முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடுகிறது. இப்படித்தான் போகுமோ. இந்த நாற்காலியிலேயே, இவர்களுக்கு நடுவில், இந்த நாற்றத்தோடு, கடைசியாக உள்ளே போனது தனஞ்செயனின் மூச்சு என்று. இல்லை மாதாவே, வேறு எங்காவது. கொஞ்சம் நூலளவு உள்ளே வருகிறது. இன்னும் கொஞ்சம். தெய்வநாயகம் முதுகைத் தொடலாமா என்று கையை நீட்டியபடி நிற்கிறார். தனஞ்செயன் பதறிப்போய், "அண்ணே, அண்ணே, தண்ணி கொண்டாங்க" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்துகிறார். உண்மையாகவே பதறுகிறார். "பாத்துக்குங்க அண்ணி, ஊர்ல காத்தே சரியில்ல. யாரப் பாத்தாலும் இருமல்" என்கிறார், அதைச் சொல்லும்போதும் அது அவர் விரலில்தான் இருக்கிறது, பதற்றத்தில் அணைந்துபோய்.

சவரி சொம்போடு ஓடி வந்தார். குடித்தேன். பாதி சேலையில் கொட்டியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அவளுக்குக் கொஞ்சம் சளி" என்று அவர் ஹாலுக்குச் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. ஹால் தன் தட்டுக்குத் திரும்பியது. தனஞ்செயன் தன் விரலைப் பார்த்தார், அணைந்த சிகரெட்டைப் பார்த்தார், பாக்கெட்டைத் தடவினார். தீப்பெட்டி மேசையில் இருந்திருக்கும். அப்போது சவரி, அடுப்புப் பற்றவைக்கத் தன் மடியில் வைத்திருக்கும் தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்தார். இரண்டு கையையும் குவித்து, காற்றுப் படாமல், குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல அத்தனை பக்குவமாகத் தனஞ்செயன் முகத்துக்குக் கொண்டுபோனார். "எடுத்துக்குங்க" என்றார். தன் கையால் சிகரெட்டைத் தொடாத மனுஷன். அந்தக் குவிந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று திருப்பலியில் மெழுகுவர்த்தியை அணையாமல் காத்ததும் இந்தக் கைதான். முட்டையைப் பார்த்தபோது குமட்டல் வந்தது, சோம்பில் சாம்பல் விழுந்தபோது வந்தது, அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இது வேறு. இது வயிற்றில் இல்லை. இவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன் என்கிற இடத்திலிருந்து வந்தது.

நாற்காலியிலிருந்து இறங்கினேன். உயரமான நாற்காலி, கால் தரையைத் தேடியது. மேசைகளுக்கு நடுவில் நடந்து, சமையல்கட்டைத் தாண்டி, பின்வாசலில் செங்கேணி குந்தியிருந்த இடத்துக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவள் முன்னால் பாத்திரக் குவியல். கடல்காற்று வந்தது. மீன் செதிலும் சாக்கடையும் கலந்த காற்று, ஆனால் காற்று. செங்கேணி கையை உதறிவிட்டு, "இன்னாம்மா, மூஞ்சி நீலமா கீது?" என்றாள். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்து என் நெஞ்சை மேலிருந்து கீழாக நீவிவிட்டாள். அந்த விரல்கள்தான் துண்டுகளை வழிப்பவை, நகக்கண்ணில் பழுப்பு இருந்தது, தட்டிவிடத் தோன்றும் என்று எதிர்பார்த்தேன், தோன்றவில்லை. "உள்ள போவாதம்மா. சொல்றேன்னு கோச்சிக்காத. எங்கூட்டுக்காரனும் இப்டித்தான் இழுத்துகினு கெடந்து போய்ச் சேந்தான். அவனாச்சும் பீடி குடிச்சான், போனான். நீ எதுக்கு?"

பின்னால் சவரி வந்து நின்றார். கரண்டி கையில். "இங்க இன்னா பண்ற? கல்லா காலியாக் கெடக்குது." நான் திரும்பவில்லை. "ஆளுங்க பில்லோட நிக்கிறாங்க மதலே." மூச்சு ஒழுங்காகும்வரை இருந்து, "நீங்க போய் உக்காருங்க" என்றேன். "நானா? அடுப்ப யாரு பாக்கறது?" "நான் பாக்கறேன்." சிரித்தார். "வெளயாடாத. டாக்டர் சொன்னதுக்குத்தான ஃபேன் போட்டோம்?" "அந்த ஃபேனுக்குக் கீழதான் உக்காரச் சொல்றேன்." சிரிப்பு நின்றது. என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்ததா, இல்லை ஏற்கெனவே தெரிந்துதான் இருந்ததா, அவர் கண்ணில் பார்த்தேன். கண்ணைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டார். தெரிந்துதான் இருக்கிறது. "புடிக்காதீங்கன்னு சொன்னா நாளைக்கு எதிர்க்கடைக்குப் போயிடுவானுங்க. தெரியும்ல ஒனக்கு?" என்றார் மெல்ல. "தெரியும். சொல்லுங்கன்னு நான் சொல்லல. உக்காருங்கன்னுதான் சொல்றேன்." "எத்தினி நாளைக்கு?" "நான் உக்காந்த அத்தினி நாளைக்கு." செங்கேணி பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். உள்ளேயிருந்து தெய்வநாயகம், "மொதலாளி, பில்லு" என்று குரல் கொடுத்தார். சவரி உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன், காரைக்கால் பஸ் ஞாபகத்துக்கு வந்தது, தம்பி வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வந்தது. கோபம் வரவில்லை. கரண்டியை என் பக்கத்தில் படியில் வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எழுந்து போய் அடுப்புக்கு முன்னால் நின்றேன். கல்லில் நாலு துண்டு வஞ்சிரம், மசாலா எண்ணெயில் விரிந்துகொண்டிருந்தது. மிளகாய்க் காரம் மூக்கில் ஏறியது, ஒரு தும்மல், அவ்வளவுதான், புகைபோக்கி அதை வாங்கிக்கொண்டது. தட்டு வைக்கிற திறப்பு வழியாகப் பார்த்தால் கல்லா தெரியும். அவர் அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கால் தரையில் எட்டியது. தனஞ்செயனுக்கு மீதியைக் கொடுத்தார், ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் முகத்துக்கு நேரே அது ஊர்ந்து வருவதை இங்கிருந்து பார்க்க முடிந்தது. முதல் தடவையாக அதை வெளியிலிருந்து பார்த்தேன். இத்தனை நாள் நானே அதற்குள் இருந்தேன். ஒரு சாம்பல் நிற ஆறு, அதன் வாயில் ஒரு மனிதர். கண்ணைக் கசக்கினார். பாவமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் பாவத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது, நான் அதைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பவில்லை, அதுவாக எழுந்து வந்து நின்றது. நான் காத்துக்கொண்டிருந்தேன். பால் பொங்குவதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்போமே, அப்படிக் கரண்டியைப் பிடித்தபடி அவர் இருமுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்குக் குமட்டியது. குமட்டியும் காது அங்கேயேதான் இருந்தது. ஹாலில் சிரிப்பு, கண்ணாடிக் கிளாஸ் மோதுகிற சத்தம், யாரோ இன்னொரு முட்டை கேட்டார்கள்.

பிறகு கேட்டது. சின்ன இருமல், தொண்டையைச் செருமுவது மாதிரி. கொஞ்சம் விட்டு இன்னொன்று, இது நெஞ்சிலிருந்து. "மதலே" என்று கூப்பிட்டார். குரலில் அதிகாரம் இல்லை, கேள்வி மாதிரி இருந்தது. மீனைத் திருப்பிப் போட்டேன்.